அழியாக் கலங்களும் அறியாச் சம்மதமும்
– றெபேக்கா ஸ்க்லூற்றின் நூலை முன்வைத்து ஒரு நோக்கு –

மருத்துவ விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதனை மருத்துவர்தம் வரலாறாகவும் ஆய்வாளர்தம் வரலாறாகவுமே எழுதி வந்துள்ளனர். நோயாளர் அவ்வரலாற்றில் இடம்பெறாமலில்லை. ஆயின், அவர்கள் பெயரற்றவர்களாய், கட்டில் இலக்கங்களாய், கண்ணாடிக் குழாயினுள் அடைபட்ட மாதிரிகளாய் இடம்பெறுவர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் றெபேக்கா ஸ்க்லூற் வெளியிட்ட ‘ஹென்றியேற்றா லாக்ஸின் அழியா வாழ்வு’ என்னும் ஆங்கில நூல் இவ்வழக்கினை மாற்றி, மாதிரியாக்கப்பட்ட ஒரு பெண்ணை மீண்டும் மனிதப் பிறவியாக நம்முன் நிறுத்த முயல்கின்றது. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட தேடலினதும், ஆயிரம் மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட நேர்காணல்களினதும் பயனாக எழுந்தது இந்நூல். அது வெளிவந்த காலத்திற் பெற்ற பாராட்டுக்கள் பல. அப்பாராட்டுக்களிடையே போதிய கவனத்தைப் பெறாத இரு வினாக்கள் உள. நோயாளியின் சம்மதம் என்பதனை இந்நூல் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றது என்பது ஒன்று. பிறர் உடலினின்றும் கேளாமல் எடுத்தலைக் கண்டிக்கும் இந்நூல், பிறர் வாழ்வினின்றும் எடுத்துத் தன்னை ஆக்கிக்கொண்ட முறை எத்தகையது என்பது மற்றையது. இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் கதைப்பொருளை முதற்கண் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். ஹென்றியேற்றா லாக்ஸ் 1920ஆம் ஆண்டு ஓகஸ்ற் 1ஆந் திகதி வேர்ஜீனியா மாநிலத்தில் றோனோக் என்னுமிடத்திற் பிறந்தவர். தாயை இளமையிலேயே இழந்து, குளோவர் என்னும் சிற்றூரில், தம் பாட்டனாரின் மரவீட்டில், புகையிலைத் தோட்ட வேலைகளுக்கிடையே வளர்ந்தார். அடிமைகளாய் இருந்தோரின் வழித்தோன்றல்களான கறுப்பின மக்களின் ஊர் அது. மணமாகிய பின் கணவருடன் பால்ற்றிமோர் நகரின் அயலிலே, உருக்காலைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியிற் குடியேறினார். ஐந்து பிள்ளைகளுக்குத் தாயானார். தம் வயிற்றினுள்ளே ஒரு முடிச்சு இருப்பதாய் அவர் உறவுப் பெண்களிடம் கூறிவந்தார். 1951 ஜனவரியில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்குச் சென்றபோது, அம்முடிச்சு கருப்பைக் கழுத்திலே தோன்றிய புற்றுநோய்க் கட்டியென அறியப்பட்டது. அவ்வட்டாரத்தில் கறுப்பின ஏழைகளை ஏற்றுக்கொண்ட மருத்துவமனைகள் மிகச் சில. ஹொப்கின்ஸ் அவற்றுள் ஒன்று. அங்கும் கறுப்பினத்தவர்க்கெனத் தனி விடுதிகளே இருந்தன. றேடியச் சிகிச்சை தொடங்குமுன், அறுவைக் கூடத்திலே, அவர் மயக்கத்திலிருந்த வேளையில், கட்டியிலிருந்து ஒன்றும் அதனருகேயிருந்த நலமான இழையத்திலிருந்து மற்றொன்றுமாகச் சிறு நாணயமளவான இரு துண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. அவை ஜோர்ஜ் கை என்பவரின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. இவை எதுவும் ஹென்றியேற்றாவுக்குத் தெரியாது. அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி, தம் முப்பத்தோராவது வயதில் அவர் இறந்தார். குளோவரில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் 2010ஆம் ஆண்டுவரை பெயர் பொறித்த கல் எதுவும் இருந்ததில்லை.

அவரது கலங்களோ இறக்கவில்லை. அதுவரை மனித உடலுக்கு வெளியே வளர்க்கப்பட்ட கலங்கள் சில நாட்களில் அல்லது வாரங்களில் மடிந்துவந்தன. ஹென்றியேற்றாவின் புற்றுநோய்க் கலங்கள் ஏறக்குறைய இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கொரு முறை இரட்டித்தன, ஓயாது பெருகின. அவரது பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு ‘ஹீலா’ எனப் பெயரிடப்பட்ட இக்கல வரிசையை ஜோர்ஜ் கை கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக அனுப்பிவைத்தார். இளம்பிள்ளைவாதத் தடுப்புமருந்தைச் சோதிக்கும் பொருட்டு அலபாமாவிலுள்ள ரஸ்கீகீ நிறுவனத்தில், கறுப்பின விஞ்ஞானிகளின் மேற்பார்வையில், அவை பேரளவில் உற்பத்தி செய்யப்பட்டன. கறுப்பின ஆண்களின் மேகநோயைச் சிகிச்சையின்றி விட்டு நோக்கிய கொடிய ஆய்வு 1932 தொடக்கம் 1972 வரை நடைபெற்றதும் அந்நிறுவனத்தின் துணையுடனேயே என்பது வரலாற்றின் முரண். பின்னர் வணிக நிறுவனங்கள் ஹீலாக் கலங்களைப் பெருக்கி விற்றன. 2013 அளவில் அவற்றைப் பயன்படுத்திய விஞ்ஞானக் கட்டுரைகளின் தொகை 70,000ஐத் தாண்டியிருந்தது. அவருடைய பிள்ளைகளோ மருத்துவக் காப்புறுதி பெறவும் வசதியின்றி வாழ்ந்தனர்.

இனி, சம்மதம் பற்றிய வினாவிற்கு வருவோம். ஹென்றியேற்றா கையொப்பமிட்ட தாள் ஒன்று உண்டு. வேண்டிய அறுவைச் செயல்களைச் செய்வதற்கு மருத்துவர்க்கு அனுமதி வழங்கும் பொதுப்படையான படிவம் அது. ஆய்வுக்காக இழையம் எடுத்தல் பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை. இதனைக் கூறியவுடன் எழும் மறுமொழி, ‘அது அக்காலத்து வழக்கம்’ என்பதாகும். இம்மறுமொழியிலே உண்மை இல்லாமலில்லை. மனிதரை ஆய்வுக்குட்படுத்துமுன் அவர்தம் விருப்பார்ந்த சம்மதம் இன்றியமையாதது என நியூரம்பேர்க் நெறிக்கோவை 1947இலேயே கூறிவிட்டதாயினும், அது அமெரிக்க மருத்துவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டமாக இருந்ததில்லை. ‘அறிந்தளிக்கும் சம்மதம்’ என்னும் தொடர் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இடம்பெற்றதே 1957ஆம் ஆண்டிலேதான். ஆகவே, 1951இன் மருத்துவரை இன்றைய விதியால் அளத்தல் முறையன்று என்பர்.

எனினும், இந்நூல் தரும் சான்றுகளைக் கொண்டே இவ்வாதத்தை மறுக்க இயலும். செஸ்ரர் சௌதம் என்னும் ஆய்வாளர் 1954 தொடக்கம் நோயாளருக்கும், பின்னர் ஒகாயோச் சிறைக் கைதிகளுக்கும் ஹீலாக் கலங்களை ஊசிமூலம் ஏற்றிப் பரிசோதித்தார். 1963இல் புறூக்லினிலுள்ள யூதர்களின் நாட்பட்ட நோய் வைத்தியசாலையில், 22 நோயாளருக்குப் புற்றுநோய்க் கலங்களை, அவை புற்றுநோய்க் கலங்கள் என்பதை உரையாமலே, ஏற்றுவதற்கு அவர் ஏற்பாடு செய்தார். அங்கு பணிபுரிந்த யூத மருத்துவர் மூவர் அச்செயலைச் செய்ய மறுத்தனர். நாஜி மருத்துவரின் செயல்களை நினைந்து பதவியையும் துறந்தனர். ஒரு காலத்து வழக்கம் அக்காலத்தவர் அனைவரதும் மனச்சாட்சியாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சௌதம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்குட்படுத்தப்பட்டார் என்பதும், பின்னர் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தின் தலைவராகவே தெரிவுசெய்யப்பட்டார் என்பதும் அவ்வழக்கம் யாரால் காப்பாற்றப்பட்டது என்பதையும் புலப்படுத்துகின்றன.

இதனினும் ஆழமான செய்தியொன்று ஹென்றியேற்றாவின் நோய்ப்பதிவிலேயே உள்ளது. சிகிச்சையின் பின் தமக்கு இனிப் பிள்ளைப்பேறு இல்லை என அறிந்தபோது, முன்னரே அவ்வாறு கூறப்பட்டிருந்தால் அச்சிகிச்சைக்குத் தாம் இணங்கியிருக்கமாட்டார் என அவர் கூறியதாக மருத்துவர் குறித்துவைத்துள்ளார். நூலைப் பற்றிப் பேசுவோர் பலரும் களவாடப்பட்ட கலங்களைப் பற்றியே பேசுகின்றனர். ஆயின், சம்மதமின்மை கலங்களில் தொடங்கவில்லை. தம் உடலுக்கு நேரப்போவது யாதென்பதை அறியும் உரிமை சிகிச்சையிலேயே அவருக்கு மறுக்கப்பட்டது. ஆய்வில் நிகழ்ந்தது அம்மறுப்பின் தொடர்ச்சியே. மருத்துவர் வாய்மொழியை ஐயமின்றி ஏற்றல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு நோயாளர் யாவர்க்கும் உரியதாயினும், ஏழையும் கறுப்பினத்தவளும் பெண்ணுமாகிய ஒருத்தியின் மீது அது மும்மடங்கு சுமையாய் இறங்கியது. இலவச விடுதியில் மருந்து பெறுவோர் அதற்கு ஈடாக ஆய்வுக்குப் பயன்படுதல் நியாயமே என அக்கால ஆய்வாளர் பலர் எண்ணினர் என ஸ்க்லூற் எடுத்துக்காட்டுகின்றார். பணமாய்க் கட்டணம் செலுத்த இயலாதவர் உடலாய்ச் செலுத்துக என்பதே அவ்வெண்ணத்தின் பொருள். வறியோர்க்கு மருத்துவம் கிடைத்தல் கடனாகக் கருதப்படும் சமுதாயத்தில், அக்கடனை அறவிடுவோர் சம்மதத்தைக் கேட்க வேண்டிய தேவையை உணரார். கடன்காரனிடம் யாரும் அனுமதி கேட்பதில்லையல்லவா?

நூலின் அமைப்பு இக்கருத்துக்களைத் தாங்குவதற்கேற்றதாய் உள்ளதா என்பது அடுத்து ஆராயற்பாலது. வாழ்வு, மரணம், அழியாமை என மூன்று பகுதிகளாக அமைந்த இந்நூல் மூன்று இழைகளை மாற்றி மாற்றிப் பின்னுகின்றது. ஹென்றியேற்றாவின் வாழ்க்கை ஓரிழை. ஹீலாக் கலங்களின் விஞ்ஞான வரலாறு மற்றோரிழை. அவரது பிள்ளைகளை, சிறப்பாக மகள் டெபோராவை, ஆசிரியர் தேடிச் சென்று பழகிய கதை மூன்றாவது இழை. தாய் இறந்துகொண்டிருக்கும் அத்தியாயத்தின் அயலிலே கலங்கள் பெருகும் அத்தியாயம் வருகின்றது. விளக்கவுரை எதுவுமின்றி, அடுக்கிவைத்த முறையாலேயே வாசகன் உள்ளத்தில் ஒப்புநோக்கு எழுகின்றது. இது இந்நூலின் கலைச்சிறப்பு எனலாம்.

இவ்வமைப்பின் உயிர்நிலையாக அமைந்த காட்சியொன்று உண்டு. ஜோர்ஜ் கையின் உதவியாளராய் இருந்து அக்கலங்களை முதன்முதல் வளர்த்தவர் மேரி குபிசெக் என்னும் இளம்பெண். பிரேத பரிசோதனையின்போது ஹென்றியேற்றாவின் உடலைக் காண நேர்ந்த அவர், முகத்தைப் பார்க்கத் துணிவின்றிக் கால்களை நோக்குகின்றார். கால்விரல் நகங்களிலே பூசப்பட்டிருந்த சிவப்புச் சாயம் ஆங்காங்கே உதிர்ந்திருக்கக் காண்கின்றார். தாம் இதுகாறும் வளர்த்துவந்த கலங்கள் உயிருள்ள ஒரு பெண்ணுக்குரியவை என்னும் உணர்வு அப்பொழுதே அவருக்கு முதன்முறையாக உறைக்கின்றது. குபிசெக் கொடியவரல்லர், கடமை தவறாத உதவியாளர். மாதங்கள் பலவாய்க் கலங்களைக் கையாண்டவர்க்கு அவற்றுக்குரியவரை நினைக்க இடமளிக்காதது ஆய்வுகூடத்தின் வேலைப்பிரிவேயாகும். தனிமனிதர் எவரையும் தீயவராக்காமல் ஓர் ஒழுங்கமைப்பின் குருட்டுத்தன்மையைக் காட்டுமிடத்து ஸ்க்லூற் மிக உயர்ந்து நிற்கின்றார்.

குடும்பத்தவர் பற்றிய பகுதிகளும் இத்தகைய வலிமை வாய்ந்தவை. ஹென்றியேற்றாவின் உண்மைப் பெயர் 1971இல் மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. அதற்கு முன்னர் உலகம் ‘ஹெலன் லேன்’ என்னும் பொய்ப்பெயரையே அறிந்திருந்தது. கலங்கள் எடுக்கப்பட்டு இருபதாண்டுகளுக்கு மேலான பின்பே, 1973இல், அவை இன்னும் உயிருடன் இருக்கும் செய்தியைக் குடும்பத்தவர் அறிந்தனர். அதேயாண்டில் ஹொப்கின்ஸ் ஆய்வாளர் அவர்களிடம் இரத்தம் பெற்றனர். ஹீலாக் கலங்கள் பிற கலவளர்ப்புக்களிற் கலந்து அவற்றை மாசுபடுத்திய சிக்கலைத் தீர்ப்பதே அவர்தம் தேவை. டெபோராவோ, தாயைக் கொன்ற நோய் தமக்கும் உண்டோ எனச் சோதிக்கின்றனர் என்று நம்பி, அச்சோதனையின் முடிவுக்காக அஞ்சிக் காத்திருந்தார். 1951இல் தாய்க்கு நிகழ்ந்ததே 1973இல் மகளுக்கும் நிகழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் விதிகள் மாறியிருந்தன. பேசும் முறை மாறவில்லை. தாயின் கலங்கள் விண்வெளிக்கு அனுப்பப்பட்டதனையும், நஞ்சுகளாலும் கதிர்வீச்சாலும் தாக்கப்பட்டதனையும் அறிந்த டெபோரா, அவை தாயை நோகச் செய்யுமோ எனக் கலங்குகின்றார். இதனை அறியாமை எனச் சிரித்து ஒதுக்குவோர் உளர். ஆயின், விளக்க வேண்டியவர் விளக்காது விட்ட வெற்றிடத்தையே இவ்வச்சங்கள் நிரப்பின என்பதை நூல் தெளிவுறுத்துகின்றது. அறியாமை இங்கு இயற்கையாய் அமைந்ததன்று, மௌனத்தால் ஆக்கப்பட்டது.

இவ்விடத்தேதான் இரண்டாவது வினா எழுகின்றது. மைக்கேல் கோல்ட் என்பார் 1985இல் வெளியிட்ட நூலொன்றில் ஹென்றியேற்றாவின் நோய்ப்பதிவும் பிரேத பரிசோதனை விபரங்களும் குடும்பத்தவர் அறியாமலே இடம்பெற்றன. தாயின் இறுதி வேதனைகளை அச்சிலே படித்து டெபோரா துடித்ததை ஸ்க்லூற் கண்டனத்துடன் விபரிக்கின்றார். எனினும், அவ்வேதனைகளை ஸ்க்லூற்றின் நூலும் விபரிக்கின்றது. மூத்த மகள் எல்சி, கறுப்பின மனநோயாளர்க்கான கிறவுன்ஸ்வில் மருத்துவமனையிற் பட்ட துன்பமும், டெபோராவின் நோய்களும் மனக்குழப்பங்களும் கூட இந்நூலில் வெளிப்படையாகின்றன. குடும்பத்தவர் பேச்சு அவர்தம் வழக்குமொழியிலேயே தரப்படுகின்றது. கலங்களை எடுத்தவர் விஞ்ஞானி. கதையை எடுத்தவர் எழுத்தாளர். இருவருக்குமிடையே வேறுபாடு யாது எனக் கேட்பது நியாயமே.

வேறுபாடு உண்டு. ஸ்க்லூற் கேட்டார். டெபோரா தம்முடன் பேச இசைவதற்கு ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தார். தாம் தேடிக் கண்டவற்றை மறையாது டெபோராவுடன் பகிர்ந்துகொண்டார்; கிறவுன்ஸ்வில்லுக்கு அவரையும் உடனழைத்துச் சென்றார். நூலின் வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டு ஹென்றியேற்றாவின் பெயரால் ஒரு நிதியத்தையும் நிறுவினார். டெபோரா ஐயுற்றுச் சினந்து விலகிய தருணங்களையும் அவர் மறைக்கவில்லை. சம்மதம் ஒரு முறை கையொப்பமிட்டு முடிந்துவிடும் காரியமன்று, உறவு நீடிக்குந்தோறும் மீண்டும் மீண்டும் கேட்கப்பட வேண்டியது என்னும் உண்மை, நூலின் வாதப்பகுதிகளிலும் பார்க்க இத்தருணங்களிலேயே மிகுதியும் புலனாகின்றது. ஆயினும், 2009இல் டெபோரா இறந்தார். அச்சேறிய நூலை அவர் படிக்கவில்லை. எல்சியும் ஹென்றியேற்றாவும் கேட்கப்படவே இயலாதவர்கள். இவ்வரம்பை நூல் உணர்கின்றதேயன்றி, நேர்நின்று ஆராயவில்லை என்பது குறிப்பிடத்தக்க குறையாகும்.

மற்றொரு குறை அமைப்புச் சார்ந்தது. நூலின் கதையோட்டம் டெபோராவின் மன ஆறுதலை நோக்கியே செல்கின்றது. ஹொப்கின்ஸ் ஆய்வாளர் ஒருவர் தாயின் கலங்களை அவருக்கு நுணுக்குக்காட்டியினூடு காட்டும் காட்சி உள்ளத்தை உருக்குவது. ஆனால், இவ்வாறுதல் ஒரு குடும்பத்தின் காயத்துக்கு மருந்தாகுமேயன்றி, வினாவுக்கு விடையாகாது. உடலினின்றும் பிரிந்த இழையம் யாருக்குரியது, அதனாற் பெறும் இலாபத்தில் யாருக்குப் பங்குண்டு என்னும் பொதுப் பிரச்சினைகள் பெரும்பாலும் நூலின் இறுதியில் வரும் பின்னுரைக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. கதையிற் கண்ணீர், பின்னுரையிற் சட்டம் என்னும் இப்பிரிவு, சமூக அநீதியைத் தனிமனித சோகமாக வாசித்து நிறைவுகொள்ள வாசகனுக்கு இடங்கொடுத்துவிடுகின்றது.

எனினும், இந்நூல் தரும் இரு எடுத்துக்காட்டுக்கள் ஒருங்கே வைத்து நோக்கத்தக்கவை. ஜோன் மூர் என்பவர் ஒருவகை இரத்தப் புற்றுநோயாளர். 1976இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அவரது மண்ணீரல் அகற்றப்பட்டது. பின்னர் ஆண்டுக்கணக்காக அவரைப் பரிசோதனைக்கென வரவழைத்த மருத்துவர், அவர் கலங்களிலிருந்து ஒரு கல வரிசையை உருவாக்கினார். 1984இல் அதற்கு ஆக்கவுரிமையும் வழங்கப்பட்டது. உரிமைகளை விட்டுக்கொடுக்கும் படிவம் முதன்முறை தரப்பட்டபோது இணங்கிய மூர், அது மீண்டும் தரப்பட்டபோது ‘இணங்கவில்லை’ என்பதையே குறித்தார். அவர் தொடுத்த வழக்கில் கலிபோர்னிய உயர்நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. அகற்றப்பட்ட கலங்களில் அவருக்குச் சொத்துரிமை இல்லை. ஆயின், தமது ஆய்வு நோக்கையும் பொருளாதார நலனையும் மருத்துவர் அவருக்கு வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ரெட் சிலாவின் என்பவரின் கதை வேறானது. குருதியுறையா நோயினரான அவரது உடலில் ஈரலழற்சி வைரசுக்கெதிரான பிறபொருளெதிரிகள் மிகுந்திருந்தன. அவற்றின் பெறுமதியை அவரது மருத்துவர் அவரிடமே எடுத்துக் கூறினார். சிலாவின் தமது குருதிப்பாயத்தை நிறுவனங்களுக்கு விற்று வாழ்ந்தார். ஈரலழற்சியை ஆராய்ந்த பரூக் புளூம்பேர்க்குக்கோ அதனை இலவசமாக வழங்கினார். இருவர்க்குமிடையே வேறுபாட்டை உண்டாக்கியது சட்டமன்று. ஒரு மருத்துவர் வாய் திறந்தமையும் மற்றொருவர் மௌனம் சாதித்தமையுமே.

கேட்டல் ஆராய்ச்சிக்குத் தடையாகும் என்போர்க்குச் சிலாவினின் செயலே விடை. கேட்கப்பட்ட மனிதன் கொடுக்கவும் அறிவான். ஹென்றியேற்றாவைக் கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார் என்பதற்கு எச்சான்றும் இல்லை. ஜோர்ஜ் கை தம் கண்டுபிடிப்பால் பொருளீட்டியவரல்லர். இளம்பிள்ளைவாதத்திலிருந்து குழந்தைகள் காக்கப்பட்டதும் உண்மை. ஆயின், விளைந்த நன்மையின் அளவு, கேளாமையின் குற்றத்தைக் குறைப்பதில்லை; கேட்டிருந்தாலும் அந்நன்மை விளைந்திருக்கும் என்பதால், அக்கேளாமை தேவையற்ற ஒன்றாயிருந்தது என்பதையே அது மெய்ப்பிக்கின்றது.

நூல் வெளிவந்தபின் நிகழ்ந்தவை இவ்வினா இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டுகின்றன. 2013 மார்ச்சில் ஐரோப்பிய ஆய்வாளர் ஹீலாவின் முழுப் பரம்பரையலகுத் தொகுதியைக் குடும்பத்தவரைக் கேளாமலே வெளியிட்டனர். கண்டனத்தின் பின், அவ்வாண்டு ஓகஸ்றில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் குடும்பத்தவருடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அத்தரவுகளைப் பயன்படுத்த அனுமதி வழங்கும் குழுவில் குடும்பத்தவர் இருவர் இடம்பெற்றனர். ஆயின், பெயர் நீக்கப்பட்ட இழையங்களுக்கும் சம்மதம் பெறப்பட வேண்டும் என அமெரிக்க ஆய்வு விதிகளைத் திருத்தும்போது முன்வைக்கப்பட்ட யோசனை, 2017இல் இறுதியான விதிகளில் இடம்பெறவில்லை. 2021இல் ஹென்றியேற்றாவின் உரித்தாளர்கள் தேர்மோ ஃபிஷர் நிறுவனத்துக்கெதிராகத் தொடுத்த வழக்கு, 2023 ஓகஸ்றில் இணக்கமாகத் தீர்க்கப்பட்டது, நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. ஆகவே, ஒரு குடும்பத்துக்கு நியாயம் ஓரளவு கிட்டியது. பெயரறியப்படாத ஏனையோர்க்கு விதி பெரிதும் பழையதாகவே நின்றது. பெயரை நீக்கிவிட்டால் மனிதனும் நீங்கிவிடுகின்றான் என்னும் எண்ணமே அவ்விதியின் அடிப்படை. ‘ஹெலன் லேன்’ என்னும் பொய்ப்பெயரின் அடிப்படையும் அதுவே.

தொகுத்து நோக்குமிடத்து, றெபேக்கா ஸ்க்லூற்றின் நூல் தான் எழுப்பிய வினாக்கள் அனைத்துக்கும் விடைகாணவில்லையாயினும், அவ்வினாக்களை ஒருவரும் தட்டிக்கழிக்க இயலாதவாறு ஒரு பெண்ணின் பெயரோடு பிணைத்துவிட்டது எனலாம். ஹென்றியேற்றாவின் கலங்களில் பப்பிலோமா வைரசு இருந்தமை 1980களில் ஹரால்ட் சூர் ஹௌசனின் ஆய்வுகளால் அறியப்பட்டது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான தடுப்புமருந்துக்கு அவ்வாய்வுகளே வழிகோலின. அவரைக் கொன்ற நோயிலிருந்து இன்று பிற பெண்கள் காக்கப்படுகின்றனர். இக்கொடை மகத்தானது. ஆயின், கொடை என்னும் சொல் கொடுப்பவர் ஒருவர் அறிந்து கொடுப்பதையே குறிக்கும். அறியாதவரிடமிருந்து பெற்றதற்குத் தமிழிலே வேறு சொல் உண்டு. அச்சொல்லைத் தவிர்க்க விரும்பும் எம்மருத்துவமும், எவ்வாராய்ச்சியும், நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து, அவருக்கு விளங்கும் மொழியிலே பேசுவதிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.